எத்தனை பேர் வாங்குவார்கள்? தொலைபேசிக் கணிப்புகள் தவறிய வரலாறு

வணிகவியல் படிக்கும் எங்களுக்குப் பொருளாதாரப் பாடத்தில் "தேவை முன்கணிப்பு" என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பொருள் நாளைக்கு எவ்வளவு விற்கும் என்று இன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்வது எப்படி என்பதுதான் அது. வல்லுநர்களைக் கேட்பது ஒரு முறை. வாங்கப் போகிறவர்களையே கேட்பது இன்னொரு முறை. பழைய விற்பனைக் கணக்கைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டை வரும் ஆண்டுகளுக்கு நீட்டுவது மூன்றாவது முறை. தேர்வில் இது அடிக்கடி வரும் கேள்வி. மூன்று முறைகளையும் எழுதி நன்மை தீமைகளைப் பட்டியல் போட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் இந்த முறைகள் நிஜத்தில் எப்படி வேலை செய்தன என்று பார்க்கப் போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. தொலைபேசித் துறையில் மூன்று முறைகளுமே தவறியிருக்கின்றன. அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல, பத்து மடங்கு, நூறு மடங்கு தவறியிருக்கின்றன. கணக்குப் போட்டவர்கள் முட்டாள்களும் அல்ல. உலகின் பெரிய நிறுவனங்கள், பெரிய ஆலோசகர்கள், அரசின் திட்ட வல்லுநர்கள். அவர்கள் எங்கே தவறினார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முதலில் அமெரிக்காவில் நடந்த இரண்டு கதைகள், பிறகு நம் நாட்டுக் கதை.

ஒன்பது லட்சமும் பத்துக் கோடியும்

செல்பேசி என்ற யோசனை பிறந்த இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு அங்கே 1947-இல் எழுதப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்தை வைத்திருந்த நிறுவனம் ஏ.டி. அண்ட் டி. 1980 வாக்கில் அந்த நிறுவனம் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டது: 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எத்தனை பேர் செல்பேசி வைத்திருப்பார்கள்? வந்த பதில், சுமார் 9 லட்சம் பேர். 2000-ஆம் ஆண்டு முடிந்தபோது இருந்ததோ சுமார் 10 கோடியே 90 லட்சம் சந்தாதாரர்கள். ஏறத்தாழ 120 மடங்கு வித்தியாசம்!

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் அன்றைய நிலையைப் பாருங்கள். 1983-இல் அனுமதி பெற்ற மோட்டரோலாவின் முதல் கைபேசி கிட்டத்தட்ட முக்கால் கிலோவுக்கு மேல் எடை. ஒரு முறை மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். விலை 3,995 டாலர். அந்த விலைக்கு அந்தக் கருவியை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் 9 லட்சம் என்பது நியாயமான பதில்தான். விலை அப்படியே இருந்திருந்தால் கணிப்பும் பலித்திருக்கும்!

1984-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் பிரிக்கப்பட்டபோது செல்பேசித் தொழில் வட்டாரத் தொலைபேசி நிறுவனங்களின் கைக்குப் போனது. பத்து ஆண்டு கழித்து, 1994-இல், ஏ.டி. அண்ட் டி. மெக்காவ் என்ற செல்பேசி நிறுவனத்தை சுமார் 1,150 கோடி டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தன் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்த ஒன்றுக்கு அது கொடுத்த விலை இது.

போட்டியாளர் நின்ற இடத்தில் நிற்கவில்லை

இரண்டாவது கதை இரிடியம். இங்கே தவறு எதிர்த் திசையில். காட்டிலும் கடலிலும் பாலைவனத்திலும் வேலை செய்யும் தொலைபேசி வேண்டும் என்று 1980-களின் இறுதியில் மோட்டரோலாவின் பொறியாளர்கள் திட்டம் போட்டார்கள். வானத்தில் 66 செயற்கைக்கோள்கள், சுமார் 500 கோடி டாலர் செலவு. நாடு நாடாகச் சுற்றும் வியாபாரிகளும் அதிகாரிகளும் லட்சக்கணக்கில் வாங்குவார்கள் என்பது கணிப்பு.

1998 நவம்பரில் சேவை தொடங்கியது. கருவியின் விலை சுமார் 3,000 டாலர். பேச நிமிடத்துக்குப் பல டாலர். செங்கல் போன்ற அந்தக் கருவி கட்டடத்துக்குள் சரியாக வேலை செய்யாது. 1999 ஆகஸ்ட்டில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்போது சந்தாதாரர்கள் சில பத்தாயிரம் பேர்தான். 500 கோடி டாலர் சொத்து பிறகு 2.5 கோடி டாலருக்கு விலை போனது.

தேவை இல்லை என்று சொல்ல முடியாது. திட்டம் போட்ட நாளில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகும் வியாபாரியின் செல்பேசி பாதி வழியில் செத்துவிடும். திட்டம் முடிந்த நாளில் அப்படி இல்லை. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் தரையில் கோபுரங்கள் முளைத்துவிட்டன. ஜி.எஸ்.எம். என்ற பொதுவான முறை வந்து, ஒரே கைபேசி பல நாடுகளில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. விலையும் சரிந்துவிட்டது. தன் வாடிக்கையாளரை எண்ணிய இரிடியம், போட்டியாளர் பத்து ஆண்டில் எங்கே இருப்பார் என்று எண்ணவில்லை. இன்றும் அந்தச் சேவை இயங்குகிறது. கப்பல், விமானம், ராணுவம் என்று கோபுரம் வர முடியாத இடங்களில் மட்டும்!

முதல் கதையில் விலை குறையும் என்று எண்ணவில்லை. இரண்டாவதில் போட்டி வளரும் என்று எண்ணவில்லை. இந்த இரண்டும் உண்மையில் ஒரே விஷயம்தான் என்பதை நம் நாட்டுக் கதை இன்னும் தெளிவாகக் காட்டும்.

வரிசையை எண்ணிய காலம்

1991-இல் இந்தியா முழுவதிலும் இருந்த தொலைபேசிகள் சுமார் 50 லட்சம். நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பல ஊர்களில் இணைப்பு வர வருடக்கணக்கில் ஆகும். தேவை எவ்வளவு என்று அரசுக்குத் தெரிந்தது இந்தக் காத்திருப்போர் பட்டியலை வைத்துத்தான். வாங்கப் போகிறவர்களையே கேட்கும் முறை இது. பார்க்க நல்ல முறைதானே?

இல்லை. கிடைக்காது என்று தெரிந்தவர் பட்டியலில் பெயர் எழுத மாட்டார். முன்பணம் கட்ட முடியாதவர் எழுத மாட்டார். தொலைபேசி நமக்கல்ல, டாக்டர் வீட்டுக்கும் மில் முதலாளி வீட்டுக்கும் உரியது என்று நினைக்கும் கூலித் தொழிலாளி எழுதவே மாட்டார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் வரிசை கலைந்துவிடும். அதற்காக யாருக்கும் மண்ணெண்ணெய் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

உண்மையான தேவை வேறோர் இடத்தில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளில் இரவு நேரத்தில் கட்டணம் குறையும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து வரிசையில் நின்று பேசியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பகலில் யாரும் இல்லாத பூத்தில் இரவில் கூட்டம். பேச ஆசைப்பட்டவர் அதே ஆள், ஊர் அதே ஊர், மாறியது விலை மட்டும். விலை குறைந்தால் தேவை எப்படிப் பொங்கும் என்ற பரிசோதனை நாட்டின் ஒவ்வொரு தெருமுனையிலும் தினமும் இரவு நடந்தது. அதை யாரும் கணிப்புக்குள் கொண்டுவரவில்லை.

ஏலத்தில் பிறந்த கனவுகள்

1994-இல் வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் கேட்டவருக்கெல்லாம் தொலைபேசி என்று இலக்கு வைத்தது. தனியாருக்கும் கதவு திறந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசியில் பேசினார். அதே ஆண்டில் சென்னையிலும் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொரு பெருநகரத்திலும் இரண்டே இரண்டு நிறுவனங்கள் என்பதுதான் அன்றைய விதி. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கும் மேல். யாராவது நம்மை அழைத்தாலும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்!

அடுத்து மாநில வட்டங்களுக்கான ஏலம் வந்தது. இமாச்சல் ஃபியூச்சரிஸ்டிக் என்ற நிறுவனம் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஒன்பது வட்டங்களில் தரைவழித் தொலைபேசி உரிமத்துக்குக் கேட்ட மொத்தத் தொகை 85,000 கோடி ரூபாய். ஒருவருக்கு மூன்று வட்டங்களுக்கு மேல் கிடையாது என்று அரசு வரம்பு கட்ட வேண்டிய நிலை. செல்பேசி உரிமங்களுக்கும் போட்டி போட்டுக்கொண்டு தொகையை ஏற்றினார்கள். வருவாய் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் அது.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மக்கள்தொகையில் இத்தனை சதவீதம் நடுத்தர வர்க்கம், அதில் இத்தனை பேர் வாங்குவார்கள், ஒருவர் மாதம் இத்தனை ரூபாய் பேசுவார், போட்டிக்கு இன்னொருவர் மட்டும். ஆனால் நிமிடத்துக்கு 16 ரூபாய் என்றால் நடுத்தர வர்க்கம் வாங்காது. வாடிக்கையாளர் வரவில்லை, கட்டணத் தவணை மட்டும் வந்துகொண்டே இருந்தது. 1999 மார்ச்சில் நாடு முழுவதும் இருந்த செல்பேசிச் சந்தாதாரர்கள் சுமார் 12 லட்சம்தான். பல நிறுவனங்கள் உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் பாக்கி வைத்தன.

1999: ஒரு பண்டமாற்று

அப்போதுதான் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை 1999 வந்தது. நிலையான கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்று அரசு இறங்கி வந்தது. அதற்கு ஈடாக நிறுவனங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்தன. "இந்த வட்டத்தில் இரண்டே பேர்" என்ற பாதுகாப்பு போனது. இனி எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்.

அந்தக் கொள்கையே ஒரு கணிப்பையும் இலக்காக வைத்தது. நூறு பேருக்கு 2005-இல் 7 தொலைபேசி, 2010-இல் 15 தொலைபேசி. கிராமங்களில் 2010-இல் நூற்றுக்கு 4. நூற்றுக்கு மூன்றுகூட இல்லாத நாட்டில் இது பேராசை என்றே பலருக்குத் தோன்றியிருக்கும். நடந்தது என்ன? 2005 மார்ச்சில் சுமார் 9. 2010 முடிவில் 66. கிராமங்களில் மட்டும் 30-ஐத் தாண்டியது. ஒருவரே இரண்டு சிம் வைத்திருப்பதும் இந்த எண்ணிக்கையில் அடக்கம் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் இலக்கு எங்கோ பின்னால் நிற்கிறது.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 1995-இல் நிறுவனங்கள் தேவையை மிகையாகக் கணித்தன. நான்கே ஆண்டுகளில் அரசு அதே தேவையைக் குறைவாகக் கணித்தது. நாடு அதேதான், மக்களும் அவர்களேதான். நிறுவனங்கள் விலை இறங்காது, போட்டி வராது என்று எண்ணின. போட்டி வந்தால் விலை எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று அரசு எண்ணவில்லை. அதுவும் அந்தப் போட்டிக்குக் கதவு திறந்த அதே ஆவணத்தில்!

ஒரு ரூபாய்கூடப் பேசாத வாடிக்கையாளர்

2001-இல் நான்காவது நிறுவனத்துக்கு உரிமம் ஏலம் விடப்பட்டது. 2002 அக்டோபரில் மூன்றாவதாக பி.எஸ்.என்.எல். செல்பேசிச் சேவையைத் தொடங்கியது. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் வந்தது. 2003 மே மாதத்தில் வரும் அழைப்புகள் இலவசமாயின. ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தது. 2003 மார்ச்சில் 1 கோடியே 30 லட்சமாக இருந்த எண்ணிக்கை ஓர் ஆண்டில் இரண்டரை மடங்கானது. 2004-இல் தரைவழித் தொலைபேசியை செல்பேசி முந்தியது.

வரும் அழைப்பு இலவசமானதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பேசுவதற்குத்தான் தொலைபேசி வாங்குவார்கள் என்று எல்லாக் கணிப்புகளும் எண்ணின. ஆனால் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வேண்டியது, வேலை இருக்கும்போது யாராவது தன்னைக் கூப்பிட முடிய வேண்டும் என்பதே. பதில் சொல்லவும் காசு வேண்டாம், ஒரு மிஸ்டு கால் போதும். 2005 இறுதியில் 999 ரூபாய்க்கு "ஆயுள் முழுவதும் வரும் அழைப்பு இலவசம்" என்ற திட்டங்கள் வந்தது இந்த வாடிக்கையாளருக்காகத்தான். மாதம் எவ்வளவு பேசுவீர்கள் என்று கேட்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பூஜ்ஜியம். அப்படிப்பட்ட பூஜ்ஜியங்கள் சேர்ந்தும்தான் 2010-இல் 75 கோடி ஆனது.

பக்கத்துக் கதவு

சரி, இனி தேவை பெரியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கணிப்பு சுலபமாகிவிட்டதா? இல்லை. தேவையைச் சரியாகக் கணித்தவர்கள் இப்போது போட்டியில் தவறினார்கள்.

ரிலையன்ஸ் 2002-இல் எந்தக் கதவு வழியாக வந்தது என்று பாருங்கள். அதன் கையில் இருந்தது பெரும்பாலும் தரைவழித் தொலைபேசிக்கான உரிமம். "குறிப்பிட்ட எல்லைக்குள் நகரலாம்" என்ற சலுகையை வைத்து, செல்பேசி போலவே ஒரு சேவையை அது கொடுத்தது. பல கோடி கொடுத்து செல்பேசி உரிமம் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2003 நவம்பரில் எல்லா உரிமங்களையும் ஒன்றாக்கி அரசு பிரச்சினையை முடித்தது.

2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலம் நடந்தது. அகன்ற அலைவரிசை ஏலத்தையும் சேர்த்து பட்ஜெட்டில் 35,000 கோடி எதிர்பார்த்த அரசுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் கிடைத்தது. அந்த இரண்டாவது ஏலத்தில் நாடு முழுவதற்கும் அலைக்கற்றை எடுத்தது இன்ஃபோடெல் என்ற சிறு நிறுவனம். ஏலம் முடிந்த கையோடு அதை முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் வாங்கியது. அன்று அந்த உரிமத்தில் இணையச் சேவை மட்டுமே கொடுக்கலாம், பேச்சுச் சேவை கூடாது. 2013-இல் விதி மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேசுவதற்குக் கட்டணமே இல்லை என்றது. சுமார் 170 நாட்களில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள்.

முன்வாசலில் யார் வருகிறார்கள் என்று எல்லா நிறுவனங்களும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு முறையும் புதிய போட்டியாளர் வந்தது பக்கத்துக் கதவு வழியாக. முதலில் தரைவழி உரிமம், பிறகு இணைய உரிமம்.

தவறுக்கு யார் விலை கொடுத்தார்கள்?

1999-இல் நம் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல்லின் கதை இங்கேதான் வருகிறது. 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் அதில் பெரும்பங்கை வாங்கியது. 2010 ஏலத்தில் 13 வட்டங்களுக்கு சுமார் 6,500 கோடி ரூபாய் கொடுத்து அலைக்கற்றை எடுத்தது. மக்கள் இணையத்தை நிறையப் பயன்படுத்துவார்கள் என்பது அதன் கணிப்பு. அது நூற்றுக்கு நூறு பலித்தது! ஆனால் அந்தப் பயனை எந்த விலைக்கு விற்க முடியும் என்பதைத் தீர்மானித்தது வேறொருவர். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் நடவடிக்கைக்கு மனு கொடுத்தது. அந்த மாதம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் கைபேசியில் சிக்னல் இல்லை. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் அலைந்தார்கள்.

2010 வாக்கில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் இன்று தனியார் மூன்று, அரசு நிறுவனம் ஒன்று. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. வோடஃபோன் ஐடியா கட்ட முடியாத பாக்கிகளை அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டதில், 2025-இல் அந்த நிறுவனத்தில் அரசின் பங்கு சுமார் 49 சதவீதமானது. ஏலத்தில் போட்ட தவறான கணக்குகளின் ஒரு பகுதி சுற்றி வளைத்து நம் வரிப்பணத்தின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏர்செல்லுக்குக் கடன் கொடுத்த வங்கிகளிலும் நம் சேமிப்புதான் இருக்கிறது.

ஆக, தேவை முன்கணிப்பு ஒரு பாடமாகவும் போட்டி வேறொரு பாடமாகவும் எங்கள் புத்தகத்தில் இருப்பது வசதிக்காக மட்டுமே. "எத்தனை பேர் வாங்குவார்கள்?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது. "எந்த விலையில்?" என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த விலையைத் தீர்மானிப்பது "போட்டிக்கு யார் வருவார்கள், எந்தக் கதவு வழியாக?" என்ற கேள்வி. மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஒரே எண் பதிலாகக் கிடைக்காது, ஒரு பட்டியல்தான் கிடைக்கும். இந்த விலையில் இத்தனை பேர், பாதி விலையில் இத்தனை பேர், நான்கு பேர் போட்டியிட்டால் இவ்வளவு லாபம், ஒருவர் இலவசமாகக் கொடுத்தால் நஷ்டம் இவ்வளவு என்று நீளும் பட்டியல். ஏலத்தில் கை தூக்குவதற்கு முன் அந்தப் பட்டியலின் கடைசி வரியையும் படித்திருந்தால் பல நிறுவனங்கள் பிழைத்திருக்கும். 2000-ஆம் ஆண்டுக்கு 9 லட்சம் என்று சொன்னவர்களிடமும் ஏ.டி. அண்ட் டி. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: விலை பத்தில் ஒரு பங்கானால்?